இரண்டாவது டிஸ்க்குக்கு ஓர் இருக்கை

உரிமங்கள் துறையில் ஆட்சேபணைப் பிரிவு என்று ஒன்று உண்டு. வருகிற விண்ணப்பங்களில் என்ன குறை என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. குறையே இல்லாமல் ஒரு விண்ணப்பம் வந்துவிட்டால் இந்தப் பிரிவு எதற்கு என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். அப்படி ஒன்று வந்துவிடாமல் இருபத்தாறு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் இந்தக் கதையின் நாயகர். அலுவலகத்திலும் குடியிருப்பிலும் அவருக்கு 'ஆட்சேபணை' என்றே பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் என்றாலும் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவருக்கு அதில் மட்டும் ஆட்சேபணை இல்லை.

மனிதர் கெட்டவர் இல்லை. பச்சை மையில், முத்து முத்தான எழுத்தில் எழுதுவார். ஒருவருடைய விண்ணப்பத்தை ஐந்து முறை திருப்பி அனுப்பினாலும், ஐந்து முறையும் 'தங்கள் நலனை முன்னிட்டு' என்று மரியாதையாகத்தான் ஆரம்பிப்பார். சமீபத்தில் பிரிவுக்கு ஒரு புது இரும்பு அலமாரி வந்திருந்தது. பழைய சுவர் அலமாரி இருந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதியிருந்ததால், அதே இடத்தில், அதை மறைத்தாற்போல் நிறுத்தினார்கள். பழைய கோப்புகள் புதிய அலமாரிக்கு மாற்றப்பட்டன என்று பதிவேட்டில் எழுதி, எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் ஆட்சேபணை நடுவில் நின்றார்.

அவருடைய மனைவி துணி வெட்டக் கற்றுத் தருகிறவள். பதினொரு வருஷமாக, வெட்டும் மேசைக்கு மேல் கூரைக் கொக்கியில் ஒரு கேமராவைத் தொங்கவிட்டு, தன் கையையும் கத்தரியையும் சாக்பீஸையும் மட்டும் படமாக எடுத்துப் பாடம் பாடமாகச் சேர்த்திருந்தாள். குழந்தைச் சட்டையில் ஆரம்பித்து மழைக்கோட்டு வரை நானூற்றுப் பன்னிரண்டு பாடங்கள். வருகிற முதல் தேதி புது வகுப்பு. அறுபது பேர் சேர்ந்திருந்தார்கள். இத்தனை பேர் இதுவரை சேர்ந்ததில்லை.

பாடங்கள் இருந்த கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. போட்டுக் கொடுத்தது அவளுடைய தம்பி. "இதுல வைரஸே வராதுக்கா" என்று சொல்லிவிட்டுக் கப்பல் இன்ஜினியராகக் கடலுக்குப் போய்விட்டான். வைரஸ் வரவில்லை, தம்பியும் வரவில்லை. கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொட்டால்தான் அவன் போன் எடுப்பான். இதற்கிடையில் ஒன்பது வயதான ஹார்டு டிஸ்க் நிரம்பி வழிந்ததோடு, தொண்டையில் எதுவோ சிக்கிய பூனை மாதிரி அவ்வப்போது முனகவும் ஆரம்பித்தது. இன்னொரு டிஸ்க் வாங்கிவந்தார்கள்.

"கடையில யாரையாவது கூப்பிட்டு மாட்டிடலாங்க" என்றாள் மனைவி.

"ஒரு டப்பாவுக்குள்ள இன்னொரு டப்பாவை வைக்கறதுக்கு ஆளா? ஒரு பிரிவையே தலையில தாங்கிட்டு இருக்கேன், எனக்கு இது ஒரு வேலையா?"

"அங்க நீங்க எதையும் உள்ள வைக்கறதில்லையே. திருப்பித்தானே அனுப்பறீங்க."

"முதல் தேதிக்குள்ள முடிச்சுத் தரேன்."

"முடியலைன்னா?"

"எழுத்து மூலமா விளக்கம் தரேன்" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதில்லை அது.

ஞாயிற்றுக்கிழமை கணினியைப் பிரித்தார். இரண்டு கேபிள் சொருகினார், நான்கு ஸ்க்ரூ போட்டார். மூடிய பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டுக் கணினியைப் போட்டார். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. புது டிஸ்க் வந்திருக்கிறதே, வா என்று ஒரு வார்த்தை கூடக் கிடையாது. பார்வையாளரைப் பார்த்தும் பார்க்காததுபோல் உட்கார்ந்திருக்கிற அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அவர் அணிந்துகொள்கிற முகம் அது.

ஊரில் லினக்ஸ்காரர்களுக்கென்று 'திறந்த கணினிப் பயனர் பேரவை' என்று ஒரு அமைப்பு இருந்தது. சைக்கிள் கடைக்கு மேல் மாடியில், சனிக்கிழமை நான்கு மணிக்குக் கூடும். கதவில் 'அனைவருக்கும் எப்போதும் திறந்திருக்கிறது' என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே மூன்று பூட்டுகள் போட்டிருந்தார்கள். ஒரு சாவி தலைவரிடம், ஒரு சாவி செயலாளரிடம். மூன்றாவது சாவியை வைத்திருந்த தணிக்கையாளர் வேலை மாறி வெளியூர் போய்விட்டார். அதனால் அந்தப் பூட்டை வாரா வாரம் ஒரு உறுப்பினர் ஸ்க்ரூடிரைவரால் திறந்து கொடுத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. திறந்து முடித்ததும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

உதவி கேட்டுப் போன ஆட்சேபணையிடம் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். அவர் பச்சைப் பேனாவை எடுத்தார். எழுதப்போன இடத்துக்கு மேல் வரியில் லிஃப்ட் மெக்கானிக்கின் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தின் வாலை வளைத்து அடிக்கோடாக இழுத்து, முடிவில் மூன்று புள்ளி. அந்தக் கையெழுத்தை அவர் பார்த்திருக்கிறார். ஆறு முறை பார்த்திருக்கிறார். லிஃப்ட் பரிசோதகர் உரிமம் கேட்டு வந்த விண்ணப்பம். நேரில் யாரும் யாரையும் பார்த்ததில்லை, எல்லாம் தபாலில்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு நீல மை யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கலாமா என்று யோசித்தார். பின்னால் வரிசை நின்றதால் பச்சையிலேயே போட்டுவிட்டு நகர்ந்தார்.

கூட்டம் உறுதிமொழியோடு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து நின்று, 'எந்தக் கேள்வியும் சிறியதல்ல. எந்தப் பயனரும் அந்நியரல்ல' என்றார்கள். உட்கார்ந்ததும் செயலாளர் ஆட்சேபணையின் கேள்விச் சீட்டை எடுத்துப் படித்தார். "ரொம்பச் சின்னக் கேள்வி" என்றார். "இவர் யாரு, புதுசா?"

செயலாளர் தொழிலால் பல் மருத்துவர். வாரத்தில் ஆறு நாள் வாயைத் திற, வாயைத் திற என்று சொல்கிறவர். ஏழாவது நாள் யாரும் வாயைத் திறப்பது அவருக்குப் பிடிக்காது. சீட்டைத் திருப்பித் தந்தபோது அதில் மூன்று குறிப்புகள் இருந்தன. ஒன்று, தலைப்பில் 'உதவி' என்று இருக்கிறது. உதவி என்பது ஒரு பொருள் அல்ல. இரண்டு, பயனர் ஏழு நாட்கள் தனியாகத் திண்டாடியதற்குச் சான்று இல்லை. மூன்று, கையேட்டைப் படித்துப் புரியாமல் போனதற்கான ஆதாரம் இணைக்கப்படவில்லை.

வேறு யாராக இருந்தாலும் படியிறங்கிப் போயிருப்பார்கள். ஆட்சேபணைக்கோ கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் தன் பிரிவுக்கு வெளியே இவ்வளவு சுத்தமான ஒரு குறிப்பை அவர் கண்டதில்லை. மூன்றாவதைப் போல் ஒன்றை எழுத அவராலேயே முடிந்திருக்காது. வீட்டுக்கு வந்து, "சரியான இடத்துக்குத்தான் போயிருக்கேன்" என்று மனைவியிடம் சொன்னார். ஏழு நாள் திண்டாடினார். அதை நாள்வாரியாக எழுதினார். கையேட்டைப் படித்தார், புரியாமல்போக அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தலைவர் பேசினார். ஓய்வு பெற்ற கணக்குப் பேராசிரியர். எதைப் பேசினாலும் கரும்பலகையைத் தேடுவார்.

"நண்பர்களே, வெளியில நம்மளப் பத்தி ஒரு தப்பான கருத்து இருக்கு. நாம உதவி செய்யறோம்னு நெனக்கறாங்க. இந்தப் பேரவை தொடங்கி பதினாலு வருஷம் ஆச்சு. யாருக்காவது உதவி செஞ்சிருக்கோமா? உதவி செஞ்சா என்ன ஆகும்? வேலை முடிஞ்சு போயிடுவாங்க. கேள்வியோட இருக்கறவரைக்கும்தான் ஒருத்தர் உறுப்பினர். பதில் கிடைச்சவங்க ஒருத்தர் கூட திரும்ப வந்ததில்லை. இதை நான் புள்ளிவிவரத்தோட சொல்ல முடியும்."

கை தட்டினார்கள். ஆட்சேபணையும் தட்டினார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். லினக்ஸில் ஒரு புது டிஸ்க்கைச் சொருகினால் மட்டும் போதாது. முதலில் அதை ஃபார்மட் செய்து கோப்புகள் தங்கத் தயார்ப்படுத்த வேண்டும். அடுத்து ஒரு காலி போல்டரைக் காட்டி, இனி நீ இங்கே உட்கார் என்று சொல்ல வேண்டும். இதற்கு மவுண்ட் என்று பெயர். உட்கார்ந்த பிறகு அந்த போல்டரில் எதைப் போட்டாலும் புது டிஸ்க்குக்குப் போகும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த போல்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதில் பேரவை இரண்டாகப் பிரிந்தது. வீட்டுக்காரரோடு கூடத்தில், அதாவது பயனரின் சொந்த போல்டர்களுக்கு நடுவில் என்று ஒரு கட்சி. விருந்தாளிகளுக்கென்று, அதாவது புதிதாக வரும் டிஸ்க்குகளுக்கென்று ஒதுக்கிய கிளையில்தான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து நின்றார்கள். 'நீங்கள் யார் என்பது எங்களுக்கு எப்போதோ தெரியும்' என்ற அளவுக்குப் பேச்சு போனது.

கடைசி வரிசையில் லிஃப்ட் மெக்கானிக் கையைத் தூக்கினார். "போல்டர் எங்க இருந்தாலும் பரவாயில்ல சார். டிஸ்க்கை இன்னும் ஃபார்மட் பண்ணல, மவுண்ட்டும் பண்ணல."

"புது உறுப்பினர்கள் முதல் ஒரு வருஷம் கவனிக்க மட்டும்தான் செய்யலாம்" என்றார் செயலாளர். "விதி பதினொண்ணு."

"எனக்குப் பதினோரு மாசம் ஆயிடுச்சு சார்."

"அப்ப அடுத்த மாசம் சொல்லுங்க."

மெக்கானிக் கையை இறக்கிக்கொண்டார். ஆறேகால் மணிக்குச் சமரசம் ஏற்பட்டு, 'இரண்டாவது டிஸ்க் பாடங்கள் என்னும் போல்டரில் அமர்ந்துவிட்டதாக இப்பேரவை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது' என்று தீர்மானம் நிறைவேறியது. நகலில் மூன்று முத்திரை குத்தி ஆட்சேபணையிடம் கொடுத்தார்கள். அவர் அதைச் சட்டைப் பையில் மிச்ச ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர் செய்த தவறை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதற்கு அரசாங்கத்தில் இருபத்தாறு வருஷம் வேண்டும். அவருடைய துறையில் ஒரு அறைக்கு வெளியே பெயர்ப்பலகை மாட்டிவிட்டால், அந்தப் பிரிவு இயங்குகிறது என்று பொருள். உள்ளே ஆள் வந்தார்களா, நாற்காலி வந்ததா என்பதெல்லாம் அடுத்த சங்கதி. நான்கு வருஷமாகப் பெயர்ப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டறிக்கை கொடுத்த பிரிவு ஒன்று மூன்றாவது மாடியில் உண்டு. ஆகவே அவர் கணினியில் 'பாடங்கள்' என்று ஒரு போல்டரைத் திறந்து பெயர் சூட்டினார். டிஸ்க் அமர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். தீர்மானம் வேறு கையில் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பாடங்களையும் மொத்தமாகப் பிடித்து அந்த போல்டருக்குள் நகர்த்தினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"பாத்தியா? புது டிஸ்க்னா புது டிஸ்க்தான். என்னா வேகம்."

வேகத்துக்குக் காரணம், பாடங்கள் எங்கேயும் போகவில்லை. பழைய டிஸ்க்கிலேயே ஒரு போல்டரிலிருந்து அடுத்த போல்டருக்குத் தள்ளி உட்கார்ந்தன, அவ்வளவுதான். புது டிஸ்க் கேபிளைக் கவ்விக்கொண்டு சும்மா கிடந்தது. பேரவையின் மாத இதழில் 'வெற்றிக் கதை' என்ற பகுதியில் ஆட்சேபணையின் படம் வந்தது. இரண்டு காதும் தெளிவாகத் தெரிந்தன.

முதல் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது மனைவி நானூற்றுப் பதிமூன்றாவது பாடத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். மழைக்கோட்டுக்குக் காலர் வைப்பது. பாதியில் பதிவு நின்று, திரையில் 'இடம் இல்லை' என்று வந்தது. டிஸ்க் முன்னைவிடச் சத்தமாக முனகியது.

"ஏங்க, போன வாரம்தானே பாடத்தையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாத்தினீங்க. அதுக்கப்புறம் ஒரு பாடம் கூட எடுக்கலை. அதுக்குள்ள எப்படி நிரம்பும்?"

"உன் பாடங்க அவ்வளவு கனமா இருக்கும்போல."

அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் அன்று மாலையே பேரவைக்குப் போனார். சனிக்கிழமை என்பது நல்லதாகப் போயிற்று.

"தீர்மானம் தப்பா இருக்க முடியாது" என்றார் தலைவர். "ஏகமனதா போட்டது. டிஸ்க்தான் தீர்மானத்துக்குக் கட்டுப்படலை. இதை இப்படியே விட்டா நாளைக்கு எல்லா டிஸ்க்கும் கேள்வி கேட்கும். கள ஆய்வு பண்ணிடுவோம்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. தலைவர், செயலாளர், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக். மனைவி டீயும் பிஸ்கட்டும் வைத்தாள். தலைவர் கணினி முன் உட்கார்ந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு, புது டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் கட்டளையை அடித்தார்.

"சார், அது பழைய டிஸ்க்கோட பேரு" என்றார் மெக்கானிக். "ஒரு எழுத்து தள்ளி வரணும்."

"விதி பதினொண்ணு" என்றார் செயலாளர்.

தலைவர் இருமினார். இருமலுக்கு நடுவில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டுத்தான் என்டர் தட்டினார். அதனால் ஃபார்மட் ஆனது புது டிஸ்க்தான். பிறகு அதைப் 'பாடங்கள்' போல்டரில் மவுண்ட் செய்தார். இந்த முறை உண்மையாகவே டிஸ்க் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கிட்டே வந்து நின்றார்கள். தலைவர் போல்டரைத் திறந்தார்.

காலி.

"பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார் தலைவர். "முழு டிஸ்க்கும் காலி. இதுதான் சரியான நிலை."

"பாடமெல்லாம் எங்க?" என்றாள் மனைவி.

"எந்தப் பாடம்?"

"என்னோடது. நானூத்திப் பன்னெண்டு. இந்த போல்டர்லதான் இருந்துச்சு. காலையில கூட பாத்தேன்."

"நகல் வெச்சிருக்கீங்களா?"

மனைவி இல்லையென்று தலையாட்டினாள். தலைவர் மெல்ல எழுந்து நின்றார். நின்றால் பேசியாக வேண்டிய சுபாவம் அவருக்கு. "நகல் இல்லாத ஒண்ணை இருந்ததுன்னு எப்படிம்மா சொல்ல முடியும்? எங்க பக்கம் பாருங்க. டிஸ்க் தெரியுது, போல்டர் தெரியுது, மவுண்ட் ஆயிடுச்சு. கோட்பாடு அளவுல எல்லாமே சரியா நடந்திருக்கு. உங்க பாடங்க மட்டும்தான் இதுக்கு ஒத்துழைக்கலை."

செயலாளர் அங்கேயே அறிக்கை எழுதி, படித்துப் பார்க்கச் சொல்லி ஆட்சேபணையிடம் நீட்டினார். 'ஆய்வில் பாடங்கள் எதுவும் கிடைக்கவில்லை. அவை இருந்ததற்கான ஆதாரம் சமர்ப்பிக்கப்படவில்லை. பயனரின் நலனை முன்னிட்டு, அனைத்துப் பாடங்களையும் புதிதாக எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது.'

ஆட்சேபணை பழக்கதோஷத்தில் குறை தேடினார். ஒரு குறையும் இல்லை. அவரே எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார். எழுதியும் இருக்கிறார், எத்தனையோ முறை. அந்த வாக்கியங்களைத் தபாலில் வாங்கிப் படிக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்பது மட்டும் இதுவரை தெரியாமல் இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். ஆய்வுக் குழு பிஸ்கட்டை முடித்துவிட்டுப் புறப்பட்டது.

மனைவி வெட்டும் மேசையில் உட்கார்ந்து, பாதியில் நின்ற மழைக்கோட்டுத் துணியை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாள். பிரித்துவிட்டு மறுபடியும் மடித்தாள். "பதினோரு வருஷம்" என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம், அழுதிருந்தால் பக்கத்தில் போயிருக்கலாம். அவள் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்சேபணைக்குத் தன்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் இன்னும் போகவில்லை. கணினியின் மூடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். "ஒரு ஸ்க்ரூ குறையுது சார்."

ஆட்சேபணை சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றார். "இப்ப என்ன பண்றதுங்க?" என்றார். படிவம் இல்லாமல், இணைப்பு இல்லாமல், தலைப்பு இல்லாமல் அவர் வாழ்க்கையில் கேட்ட முதல் கேள்வி அது.

"விதி பதினொண்ணு இருக்கே சார்."

"இது என் வீடு. இங்க நீங்க பேசலாம்."

"பேசிட்டாப் போச்சு. பாடம் எங்கயும் போகலை சார். பழைய டிஸ்க்ல, அதே போல்டர்லயே பத்திரமா இருக்கு. அதுக்கு முன்னாடி புது டிஸ்க்கைக் கொண்டுவந்து உக்கார வெச்சுட்டாங்க. கண்ணுக்கு முன்னாடி இருக்கறதுதான் தெரியும். அதை நகர்த்திட்டா பின்னாடி இருக்கறது தன்னால தெரியும்."

ஒரே ஒரு வரி அடித்தார். புது டிஸ்க் எழுந்துகொண்டது. போல்டரைத் திறந்தார். குழந்தைச் சட்டையிலிருந்து வரிசையாகப் பாடங்கள் திரையில் இறங்கின. மனைவி துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, விரலை வைத்துக் கடைசிவரை எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள் மெக்கானிக்கிடம்.

மெக்கானிக் வேறு ஒரு காலி போல்டரில் புது டிஸ்க்கை உட்கார வைத்து, பாடங்களை அதற்கு நகல் எடுக்கவிட்டார். "நாலு மணி நேரம் ஆகும்."

"நாலு மணி நேரமா? அன்னிக்கு நான் செஞ்சப்ப கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுதே."

"டக்குனு முடிஞ்சா எதுவும் நகரலைன்னு அர்த்தம் சார்."

மூவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் ஒவ்வொன்றாகப் போயிற்று. பழைய டிஸ்க் முனகும்போதெல்லாம் மனைவி அதன்மேல் கையை வைத்தாள். நூற்றெழுபதைத் தாண்டும்போது ஆட்சேபணைக்குப் பொறுக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உரிமங்கள் துறையில..."

"தெரியும் சார். வருகைப் பதிவேட்டுல பச்சை மையைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்தக் கையெழுத்தை ஒன்றரை வருஷமா வீட்டுல வெச்சிருக்கேன்."

"தெரிஞ்சுமா எனக்கு உதவி பண்றீங்க?"

"உங்களுக்குன்னு யார் சொன்னா? அக்கா பதினோரு வருஷம்னு சொன்னாங்க. ஒன்றரை வருஷத்துக்கே எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன திருப்பி அனுப்பினாரு?"

"முதல் தடவை போட்டோவுல ஒரு காதுதான் தெரியுதுன்னாரு. ரெண்டு காதும் தெரியற மாதிரி எடுத்து அனுப்பினேன். கையெழுத்தோட வால் கட்டத்துக்கு வெளிய போகுதுன்னாரு. அடுத்தது பழைய படிவம்னாரு. புதுப் படிவத்துல அனுப்பினேன். அது அடுத்த மாசம்தான் அமலுக்கு வருதுன்னாரு. அஞ்சாவது தடவை, முன்னாடி வந்த நாலு ஆட்சேபணைக்கும் நகல் வைக்கலைன்னாரு. எல்லாம் வெச்சு ஆறாவது தடவை அனுப்பினா, கோப்பு கிடைக்கவில்லை, புதுசா விண்ணப்பிக்கவும்னு வந்துச்சு."

"எல்லாம் உங்க நலனை முன்னிட்டுத்தானே?" என்றாள் மனைவி. ஆட்சேபணை தரையைப் பார்த்தார்.

"அந்த ஆறாவது மட்டும் பொய் இல்லைங்க" என்றார். "நிஜமாவே கிடைக்கலை. நானே தேடினேன்."

"எங்க தேடினீங்க?"

"அலமாரியிலதான். புது அலமாரி. பழைய அலமாரி இருந்த இடத்துல, அதுக்கு முன்னாடி..."

மெக்கானிக் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தார். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, கேட்காமல் டீ போடப் போனாள்.

மூன்றரை மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டும் புது டிஸ்க்குக்கு வந்து சேர்ந்தன. கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் டிஸ்க் தானாக வந்து அதே இடத்தில் உட்கார, அதற்கான பட்டியலில் மெக்கானிக் ஒரு வரி சேர்த்தார். டிஸ்க்குக்கென்று உள்ள நீளமான எண்ணைப் போட்டார். கேபிளை எதில் மாற்றிச் சொருகினாலும் ஆள் மாறாது என்றார். பழைய டிஸ்க்கிலிருந்து எதையும் அழிக்காமல் வைக்கச் சொன்னார். மனைவி அன்று மாலையே காலர் பாடத்தை எடுத்து முடித்தாள்.

திங்கட்கிழமை ஆட்சேபணை பத்து மணிக்கு முன்னாலேயே அலுவலகம் போனார். பையை வைத்துவிட்டு நேராகப் புது அலமாரியின் பக்கம் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். தளவாடங்களை இடம் மாற்ற முன் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி உண்டு. எழுதியது அவர்தான். அலமாரி தரையைக் கீறிக்கொண்டு ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அலறியது. பிரிவே எழுந்து நின்றது. பின்னால் சுவர் அலமாரி, தட்டுத் தட்டாகக் கோப்புகள், மேலே தூசி. அவர் எண்ணினார். நூற்று எண்பத்தேழு. கிடைக்கவில்லை என்று அவரே பச்சை மையில் எழுதி அனுப்பிய நூற்று எண்பத்தேழு பேர்.

பிரிவுக் கண்காணிப்பாளர் வந்து நின்றார். "இதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

"இல்லை சார்."

"கோப்பெல்லாம் புது அலமாரிக்கு மாத்தியாச்சுன்னு பதிவேட்டுல இருக்கே. அப்ப இதெல்லாம் என்ன?"

"அதைத்தான் சார் நானும் பாக்கறேன்."

"எழுத்து மூலமா விளக்கம் வேணும்."

அவர் எழுதினார். 'பழையதன் முன் புதியதை நிறுத்தியதால் பழையது தெரியவில்லை. நகர்த்தினேன்.' பதினைந்து நிமிடத்தில் அது திரும்பி வந்தது. மூன்று பிரதிகளில் இல்லை என்று எழுதியிருந்தது. முன்பானால் மெச்சியிருப்பார். இப்போது இன்னும் இரண்டு நகல் எடுத்து அனுப்பிவிட்டு, லிஃப்ட் மெக்கானிக்கின் கோப்பைத் தேடி எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். கடைசியில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுத வேண்டும். அந்த வார்த்தைகளை எழுதிப் பழக்கமே இல்லாததால் கை தயங்கியது. வேறு ஒரு காகிதத்தில் ஒரு முறை எழுதிப் பார்த்துக்கொண்டு, பிறகு கோப்பில் எழுதினார்.

இரண்டாவது வாரம் லிஃப்ட் மெக்கானிக் உரிமத்தை வாங்கிக்கொள்ள நேரில் வந்தார். ஜன்னல் வழியாக வாங்கி, பெயரைச் சரிபார்த்துக் கருவிப் பையில் வைத்தார். போகாமல் உள்ளே எட்டிப் பார்த்தார். மேசைமேல் கோப்புகள் ஆட்சேபணையின் தலைக்கு மேல் உயர்ந்திருந்தன.

"இன்னும் எத்தனை சார் இருக்கு?"

"நூத்தி எண்பத்தேழுல நூத்தி எழுபத்தொம்பது."

"ரெண்டு வாரத்துல எட்டுதானா?"

ஆட்சேபணைக்கு வெட்கமாகிவிட்டது. "ஒவ்வொண்ணையும் முழுசாப் படிக்கறேன். நேரம் ஆகுது" என்றார்.

"ஆகட்டும் சார். டக்குனு முடிஞ்சாத்தான் சந்தேகப்படணும்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் படியிறங்கிப் போனார்.

ஆட்சேபணை அடுத்த கோப்பைப் பிரித்தார். கண் தானாகப் போட்டோவுக்குப் போயிற்று. ஒரு காதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு இன்னொரு காது இருக்கும், இந்தப் படத்தில் தெரியவில்லை அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு, பக்கத்தைத் திருப்பினார்.